கல்லாற்று முகத்துவாரத்தில் புதைந்த ஜீப்

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியை இந்தப் பக்கத்துக்கு எழுதிக் கேட்டிருந்தீர்கள். ஒருவர் ரொறன்ரோ, ஒருவர் ஒஸ்லோ, மற்றவர் ஊரைச் சொல்லவில்லை. போர்நிறுத்தம் நீடிக்கிறது, ஊருக்கு வர இருக்கிறோம், ஃபோர் வீல் வாகனம் வாடகைக்கு எடுத்து மட்டக்களப்புக் கடற்கரை மணலில் ஓடலாமா என்பது கேள்வி. ஓடலாம். போர்நிறுத்தத்துக்குப் பிறகு வந்த இந்த இரண்டாவது மாரியில், மார்கழி நடுப்பகுதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, குருக்கள்மடத்திலிருந்து கல்லாற்று முகத்துவாரம் வரை கடற்கரையால் ஓடினேன். தூரம் பதினொன்றரைக் கிலோமீற்றர். உங்கள் கேள்விக்குப் பதில் எழுதத்தான் போனேன் என்று சொன்னால் அது பாதி உண்மை.

மற்றப் பாதி இது. அதே தூரத்துக்குப் பெரிய தெரு இருக்கிறது, தார் போட்ட தெரு. அந்தத் தெருவில் நான் முகம் கொடுக்க விரும்பாத வீடுகள் நான்கு. என்மேல் ஒரு விசாரணை வைத்து, ஐம்பது வயதிலேயே ஓய்வு எடுக்க வைத்த மேலதிகாரியின் வீடு ஒன்று. அந்த விசாரணையில் அவருக்காகச் சாட்சி சொன்ன எழுதுவினைஞரின் வீடு அடுத்தது. மூன்றாவது, நான் இருபத்துநாலு வருடம் வாழ்ந்த வீடு. எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போவான். மனைவி இறந்து, அந்த வீடு மகளுக்குச் சீதனமாகப் போனபின் அவன் எங்கே போவான் என்பதற்கு வழக்கத்தில் பதில் இல்லை. மகளும் மருமகனும் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நான் கல்லடியில் ஓர் அறை எடுத்தேன். மாத வாடகை 1,800 ரூபா.

நான்காவது வீடு கல்லாற்றில் என் தங்கச்சியுடையது. அம்மாவுக்கு மண்டூர்ப் பக்கம் நாலு ஏக்கர் வயல் இருந்தது. "உனக்குப் படிப்பு, அவளுக்கு வயல்" என்று அம்மா பிரித்துவிட்டா. படித்தேன். வாய்க்கால், அணைக்கட்டு, மதகு என்று நீர்ப்பாசனக் கந்தோரில் இருபத்திரண்டு வருடம் வேலை. உன்னிச்சைக் குளத்தில் மட்டும் ஆறு வருடம். அம்மா இறந்து எட்டாம் நாள் சடங்கன்று, வந்திருந்தவர்கள் நடுவில், தங்கச்சியின் கணவர் கணபதிப்பிள்ளை என்னைப் பார்த்து, "படிச்சவருக்கு நெல்லு எந்தப் பக்கத்தால முளைக்கும் எண்டு தெரியுமோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஒன்பது வருடம் எனக்கும் அவருக்கும் பேச்சில்லை.

ஜீப்பைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நிவாரண நிறுவனம் கழித்து விற்ற பழைய டீசல் வாகனம், ஓய்வுப் பணத்தில் 4,60,000 ரூபாவுக்கு வாங்கியது. அதைத் தவிர இந்த உலகத்தில் என்னுடையது என்று சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் அன்று செய்த ஒரு காரியம் உங்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மன்னிப்பதற்காக அல்ல.

காலை 6.10க்குக் கல்லடியிலிருந்து புறப்பட்டேன். முதல் நாள் பதினாலு லீற்றர் டீசல் அடித்திருந்தேன், 448 ரூபா. வழியில் இரண்டு சோதனைச் சாவடிகள், இரண்டிலும் சேர்த்து 25 நிமிடம். இப்போது முன்னைப்போல இல்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்கிறார்கள். கடற்கரைக்கு என்றேன். மழைக்காலத்தில் தனியாக ஒருவன் ஏன் கடற்கரைக்குப் போகிறான் என்று அந்தச் சிப்பாய் யோசித்தது முகத்தில் தெரிந்தது. குருக்கள்மடத்துக்கு 7.20. அங்கே ஒரு கடையில் இரண்டு ரொட்டி, சம்பல், தேநீர், எல்லாம் 32 ரூபா.

தெருவிலிருந்து கடற்கரைக்கு 900 மீற்றர் ஒழுங்கை. மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நாலு ரயரிலும் காற்றை 30லிருந்து 16க்கு இறக்கினேன். இதைத்தான் பலர் செய்வதில்லை. காற்றுக் குறைந்த ரயர் அகலமாகப் படர்ந்து மணலின் மேல் நிற்கும். காற்று நிறைந்த ரயர் மணலை வெட்டிக்கொண்டு கீழே போகும். பிறகு முன்சக்கரங்களையும் இணைத்து, தாழ் கியரில் இரண்டாவது போட்டு, 8.05க்கு மணலில் இறங்கினேன்.

மாரிகாலத்தில் கடற்கரை ஒடுங்கிப் போயிருக்கும். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் இராவணன் மீசைப் புல் படர்ந்த இளகிய மணல். இரண்டுக்கும் நடுவே, அலை வந்து திரும்பிய ஈரப்பட்டை ஒன்று கிடக்கும், மூன்று நாலு மீற்றர் அகலம். அதுதான் உங்கள் தெரு. மணிக்குப் பதினைந்து கிலோமீற்றருக்குக் குறையாமலும் இருபதுக்குக் கூடாமலும் ஓடினால் வண்டி மிதப்பதுபோலப் போகும். பிரேக்கைத் தொடக் கூடாது. தொட்டால் சக்கரத்துக்கு முன் மணல் குவியும், பிறகு அந்தக் குவியலே தடையாகும். காலை எடுத்தால் தானாக நிற்கும். திரும்புவதென்றால் பெரிய வட்டமாகத் திரும்ப வேண்டும். புதைந்தால் வேகத்தைக் கூட்டக் கூடாது. சக்கரம் சுற்றச் சுற்றத் தனக்கான குழியைத் தானே தோண்டும்.

மேல் மணலுக்கு ஏறாதீர்கள். பழைய காவலரண்களும் முட்கம்பியும் அங்கேதான். மிதிவெடி எடுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் எடுத்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

முதல் நாலு கிலோமீற்றரில் ஒரு மனிதரைக்கூடக் காணவில்லை. தோணிகளை மேலே இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மீனவரின் ஓலை வாடிகளில் கதவில்லை. எஞ்சின் சத்தத்தை நிறுத்தினால் அலைச் சத்தம் மட்டும், அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு நிமிடத்துக்கு மேல் இருக்க என்னால் முடியவில்லை. அறையில் இருப்பதைவிடக் கடற்கரையில் தனிமை குறையும் என்று நினைத்துப் புறப்படுகிறவர்கள் யாராவது இருந்தால், அப்படி ஒன்றும் இல்லை.

செட்டிபாளையம் தாண்டி ஒரு வாடியில் ஒருவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் நிறுத்தியதும் ஊசியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"எங்க ஐயா போறீங்க? இஞ்சால தெருவும் இல்ல, ஆக்களும் இல்ல."

"கல்லாற்றுக்கு."

"தெரு நல்லாத்தானே கிடக்கு."

"மணலில் ஓடிப் பார்க்கலாம் எண்டு."

"ஓ" என்றார். "கால் இருக்கிறாக்கள் நடப்பாங்க. ஜீப்பு இருக்கிறாக்கள் இப்படித்தான்." பிறகு சொன்னார்: "முகத்துவாரத்துல இறங்காதீங்க. ஆறு முட்டி நிக்கிது."

முகத்துவாரத்தைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித் தருவதா என்று வந்தது. "எனக்குத் தெரியும். அதுதான் என்ர வேலையா இருந்தது" என்றேன்.

"தெரிஞ்சாக்கள்தான் ஐயா அங்க புதையிற. தெரியாதவன் பயத்துல கிட்டப் போகமாட்டான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. களுவாஞ்சிக்குடிக்கு நேரே ஒரு முறை பின்சக்கரம் இறங்கியது. பலகை இரண்டு வைத்துத் தோண்டி ஏற்ற ஒரு மணி ஐந்து நிமிடம். தனியாக வந்தால் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று மடங்கு நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முகத்துவாரத்தை அடைந்தபோது 11.20.

அந்த இடத்தைத் தெரியாதவர்களுக்கு: மட்டக்களப்பு வாவியின் தென்பகுதி நீர் கல்லாற்றில் கடலைத் தொடுகிறது. கோடையில் கடல் அங்கே மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். மாரியில் மழைத் தண்ணீர் வாவியில் நிறைந்து, மணல்மேடு தானாக உடையாவிட்டால், வெள்ளம் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை வயல்களுக்குள் திரும்பும். இளம் பயிர் நாலைந்து நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிவிடும். ஆகவே விவசாயிகள் சேர்ந்து வந்து, மண்வெட்டியால் மேட்டைக் குறுக்கே வெட்டி, வாவியைக் கடலுக்குத் திறந்துவிடுவார்கள். வருடத்தில் ஒரு நாள் வேலை. சரியான இடத்தில் வெட்டினால் இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் தானே இழுத்துக்கொண்டு போகும். பிழையான இடத்தில் வெட்டினால் நாள் முழுக்க வெட்டினாலும் மணல் சரிந்து மூடும்.

அன்று வாவி விளிம்பு வரை நின்றது. கடலைவிட நாலடி உயரம் இருக்கும். நடுவே மணல்மேடு, மிக ஒடுங்கிய இடத்தில், காலடிக் கணக்கில் நாற்பத்தைந்து கவடு. மேலே காய்ந்து இறுகியதுபோல, ஓட அழைப்பதுபோலக் கிடந்தது. 11.50க்கு அதன்மேல் ஏற்றினேன். அக்கரைக்குப் போய், கல்லாற்றுப் பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதாக எண்ணம்.

நடுவில் வண்டி நின்றது. புதையவில்லை, இறங்கியது. நாலு சக்கரமும் ஒரே நேரத்தில், அச்சு வரை. இறங்கிப் பார்த்தபோது ரயரைச் சுற்றிச் சிறு குமிழிகள் வந்துகொண்டிருந்தன. பார்த்த உடனேயே விளங்கியது. உயர்ந்து நிற்கும் வாவித் தண்ணீர் மேட்டுக்கு அடியால் கடலை நோக்கிக் கசிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கசிவு மணலைக் கீழிருந்து தூக்கிக் கூழாக்குகிறது. இதை நான் எத்தனையோ வரைபடங்களில் கோடு கோடாகக் கீறியிருக்கிறேன். கல்லாறு முகத்துவாரம் பற்றிய அறிக்கையிலும் கீறினேன், அது மேலதிகாரியின் பெயரில் போனது. பலகை வைத்தேன், பலகையும் இறங்கியது. ஐம்பது நிமிடம் தோண்டினேன். தோண்டிய குழி என் கண் முன்னே நிறைந்தது.

12.50க்குத் தென்கரைப் பக்கமாக மூன்று உழவு மெசின்கள் இழுவைப் பெட்டியோடு வந்தன. பெட்டிகள் நிறைய ஆட்கள், தோளில் மண்வெட்டி. நாற்பதுக்கு மேல் இருக்கும். முன்னால் நடந்து வந்தவர் கணபதிப்பிள்ளை.

அவர் இப்போது அந்தப் பகுதி வட்டை விதானையாம். வட்டை என்றால் வயல்வெளி. அதன் தண்ணீர், வேலி, வெட்டும் நாள் எல்லாம் பார்க்கும் பொறுப்பு விதானையுடையது. அதை அன்றுதான் அறிந்தேன். அவர் என்னைக் கண்டு நின்றார். தலை நரைத்திருந்தது. ஜீப்பைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற மெசின் ஓட்டி தம்பிராசாவிடம் திரும்பினார். தம்பிராசா நாற்பது வயது ஆள், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு. இனி நடந்த பேச்செல்லாம் அவன் வழியாகத்தான். நாங்கள் இருவரும் நின்ற தூரம் ஆறடி.

"அவரிட்டக் கேளு, ஜீப்பு எத்தின மணிக்கு இறங்கினது எண்டு."

"ஐயா, எத்தின மணிக்கு எண்டு விதானையார் கேக்கிறாரு."

"கேட்டது விளங்கினது. பன்னிரண்டு மணிக்குக் கிட்ட எண்டு சொல்லு."

"பன்னெண்டாம்" என்றான் தம்பிராசா, பெரிய செய்தி கொண்டு வந்தவன்போல.

விதானையார் சொன்னது இது. வயல் தண்ணீருக்குள் போய் இன்று நாலாவது நாள். இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்திலும் அனுமதி வாங்க மூன்று நாள் போய்விட்டது. முகாமில் தந்த நேரம் ஒரு மணி முதல் நாலு மணி வரை. நாலு மணிக்கு விசில் ஊதினால் ஒரு ஆளும் மேட்டில் நிற்க ஏலாது. மறுபடி அனுமதிக்கு எழுதிப்போட்டால் எத்தனை நாளோ தெரியாது. முந்நூறு ஏக்கருக்கு மேல் கிடக்கிறது. அதற்குள் அம்மாவின் நாலு ஏக்கரும் என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

"அவரிட்டக் கேளு" என்றார், இந்த முறை குரலைத் தாழ்த்தி. "அவர் இதப் படிச்ச ஆள். எங்க வெட்டினா நாலு மணிக்குள்ள தண்ணி இழுக்கும்? அவர் சொல்ற இடத்துல வெட்டுவம்."

ஒன்பது வருடமாக நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த கேள்வி அது. அந்தக் கேள்வியை அவர் வாயிலிருந்து கேட்பதற்காகவே உயிரோடு இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். பதிலும் தெரியும். மணல் எங்கே கூழாகி நிற்கிறதோ அங்கேதான் மேடு பலவீனம், அங்கேதான் ஒடுக்கம், அங்கேதான் வெட்ட வேண்டும். அந்த இடத்தின்மேல் என் ஜீப் நின்றது. அங்கே வெட்டுவதென்றால் முதலில் ஜீப்பை இழுக்க வேண்டும். இழுபடாவிட்டால் அவர்கள் வெட்டத்தான் செய்வார்கள், முந்நூறு ஏக்கரை ஒரு பழைய ஜீப்புக்காக விடமாட்டார்கள். தண்ணீர் இழுத்தால் ஜீப் கடலுக்குள்.

தெற்கே அறுபது கவடு தள்ளிக் கையைக் காட்டினேன். "அங்க எண்டு சொல்லு" என்றேன்.

பொய். தெரிந்தே சொன்னேன். அங்கே மேடு எழுபது கவடு அகலம், மூன்றடி உயரமும் கூட.

விதானையார் ஒரு வார்த்தை மறுத்துக் கேட்கவில்லை. ஆட்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார். 1.05க்கு வெட்டத் தொடங்கினார்கள். நான் ஜீப்போடு நின்றேன். நாற்பது மண்வெட்டி ஒன்றாக விழும் சத்தம் காற்றில் வந்தது. பழக்கப்பட்டவர்கள், ஒருவர் வெட்ட ஒருவர் தள்ள, ஒரு கை ஓயும்போது மறு கை வாங்கும். அப்படி அழகாக, நான் காட்டிய பிழையான இடத்தில். காய்ந்த மணல் இரண்டு பக்கமும் சரிந்து விழ, விழுந்ததை மறுபடி அள்ளினார்கள். 1.45க்குத் தம்பிராசா ஒரு போத்தலில் தேநீர் கொண்டுவந்து தந்தான்.

"விதானையார் குடுக்கச் சொன்னாரு. ஆனா அவர் தந்த எண்டு சொல்ல வேணாமாம்."

"பிறகேன் சொல்கிறாய்?"

"எனக்கு ஒண்டையும் மறைக்க ஏலா ஐயா. அதுதான் என்ட பொஞ்சாதி காசெல்லாம் தன்ட கையில வெச்சிருக்கா." பிறகு மேட்டைத் திரும்பிப் பார்த்தான். "அந்த மண் வெட்ட வெட்ட மூடுது. மறுகா என்ன செய்யிற எண்டு தெரியல்ல. நீங்க காட்டின இடம் சரியாத்தான் இருக்கும், என்ன?"

நான் தேநீரைக் குடித்து முடித்தேன். நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு அந்த வெட்டைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் செய்த வேலை. பிழையான வெட்டு, அதுவும் என் பெயரில். "இடம் பிழை" என்றேன். "போய்ச் சொல்லு. வெட்ட வேண்டியது இஞ்ச, இந்த ஜீப்புக்குக் கீழ. முதலே தெரியும் எண்டும் சொல்லு."

தம்பிராசாவின் சிரிப்பு முதல் முறையாக நின்றது. போத்தலை வாங்கிக்கொண்டு போனான். அவன் விதானையாரின் காதில் சொல்வதைப் பார்த்தேன். விதானையார் என் பக்கம் திரும்பவில்லை. ஆட்களைப் பார்த்து ஏதோ சொன்னார். காற்று எதிர்ப்பக்கம், எனக்குக் கேட்கவில்லை. ஏச்சு வரும் என்று நின்றேன். எல்லோரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரும் ஏசவில்லை. மெசின் பெட்டியின் பின்பலகைகளைக் கழற்றிக் கொண்டுவந்து சக்கரத்தின் கீழ் கொடுத்தார்கள். மெசின் ஏறினால் அதுவும் இறங்கும் என்று, கயிறு கட்டி வடக்குப் பக்கம் முப்பது பேர் பிடித்தார்கள்.

"ஐயா, ஸ்டியரிங்க நேர வெச்சிட்டுச் சும்மா இருங்க, அது போதும்" என்றான் தம்பிராசா.

2.40க்கு ஜீப் வடக்கே இறுகிய மணலில் நின்றது. பிறகு வெட்டத் தொடங்கினார்கள். இந்த முறை மண் ஈரம், கடல் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வந்தார்கள், வேகமாக வந்தது. 3.40க்கு வாவிப் பக்கம் ஐந்து கவடு மட்டும் மிச்சம். அங்கேதான் சிக்கியது. கூழ் மணல். ஒரு வெட்டு வெட்டினால் ஒன்றரை வெட்டு உள்ளே வழிந்தது. பத்து நிமிடம் அப்படியே போனது. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிழையான இடத்தில் இழந்த ஐம்பது நிமிடம் எப்படிப் போனது என்று மூன்று பேருக்குத் தெரியும்.

மணலில் ஓட்டும்போது செய்யவே கூடாது என்று மேலே எழுதினேனே, சக்கரத்தைச் சுற்றவிடுவது, அதைச் செய்தேன். ஜீப்பை வடக்கே பார்க்கத் திருப்பி, பின்னுக்கு எடுத்து, பின்சக்கரங்கள் அந்த மிச்ச மேட்டில் இருக்கும்படி நிறுத்தினேன். முன்னால் கயிறு கட்டி இருபது பேரைப் பிடிக்கச் சொன்னேன். முன்சக்கர இணைப்பை எடுத்துவிட்டு, முதல் கியரில் எஞ்சினை முழுக்க மிதித்தேன். பின்சக்கரங்கள் கூழை அள்ளித் தெற்கே வீசின. தம்பிராசா தலை முதல் கால் வரை மணலானான். வண்டி பின்பக்கமாக இறங்கிக்கொண்டே போனது, இருக்கைக்குக் கீழே தண்ணீர் ஏறியது. பிறகு சத்தம் மாறியது. சக்கரத்துக்குக் கீழே தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது.

"இழு" என்று யாரோ கத்தினார்கள். இழுத்தார்கள். ஜீப் வெளியே வந்ததும் பின்னால் இருந்த மண் மொத்தமாகப் போனது. 3.53.

கயிறு பிடித்தவர்கள் மூன்றடி வெட்டைத் தாண்டி ஒவ்வொருவராகத் தென்கரைக்குப் பாய்ந்தார்கள். மெசின்களும் வீடும் அந்தப் பக்கம். நாலு மணிக்கு விசில் ஊதியபோது வெட்டு பத்தடி. நாலே காலுக்கு முப்பதடி, இரண்டு கரையும் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது, வாவித் தண்ணீர் பழுப்பாகக் கடலுக்குள் தூரம் வரை போனது. அவர்கள் அந்தக் கரையில். நான் இந்தக் கரையில், ஜீப்போடு. அவர்கள் பெட்டியில் ஏறும்போது விதானையார் மட்டும் கரைக்கு வந்து நின்றார். இரண்டு கையையும் வாயில் குவித்து, யார் வழியாகவும் அல்ல, என்னிடம் சொன்னார்:

"மச்சான், இனி இதால வர ஏலாது. தெருவால வாங்க. சோறு கிடக்கு."

நான் கையைத் தூக்கினேன். அதை அவர் ஓம் என்று எடுத்தாரா, போய்வருகிறேன் என்று எடுத்தாரா, தெரியாது. வந்த வழியே திரும்பினேன். வழியில் எங்கும் நிறுத்தவில்லை. குருக்கள்மடத்து ஒழுங்கையால் பெரிய தெருவில் ஏறியபோது 5.35. இடப்பக்கம் திரும்பினால் தங்கச்சி வீடு பன்னிரண்டு கிலோமீற்றர். வலப்பக்கம் என் அறை இருபது. வலப்பக்கம் திரும்பினேன். அறையில் பாணும் வாழைப்பழமும் இருந்தன.

வருகிறவர்களுக்கு: மாரியில் வராதீர்கள், பங்குனிக்குப் பிறகு வாருங்கள், கடற்கரை மூன்று மடங்கு அகலமாக இருக்கும், ஆட்களும் இருப்பார்கள். இரண்டு வண்டியாக வாருங்கள். நாலடிப் பலகை நாலு, மண்வெட்டி, ஐம்பதடிக் கயிறு, காற்றடிக்கும் பம்ப். முகத்துவாரத்து மேட்டில் எந்தக் காலத்திலும் ஏற்றாதீர்கள், குமிழி கண்டால் கிட்டவும் போகாதீர்கள். அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். நான் மறுநாள்தான் கழுவினேன். பின் அச்சுக்குள் உப்புத்தண்ணீர் போய், பெயரிங் இரண்டும் மாற்ற 6,300 ரூபா.

இதோடு முடித்திருப்பேன். போன வெள்ளிக்கிழமை சந்தையில் தம்பிராசாவைக் கண்டேன். தண்ணீர் இரண்டு நாளில் வடிந்ததாம். தாழ்ந்த பக்கம் முப்பது ஏக்கர் போய்விட்டது, மற்றது தப்பியது. தங்கச்சியின் வயல் எது என்று நான் கேட்கவில்லை. அவன் வேறொன்று சொன்னான். அன்று இடம் மாறியபோது விதானையார் ஆட்களிடம், "என்ட பிழை, நான்தான் இடத்த மாறிப் பாத்திட்டன்" என்றாராம். முப்பது ஏக்கர்க்காரர்கள் இப்போது அவரை ஏசித் திரிகிறார்கள். அடுத்த போகத்துக்கு வேறு விதானை வைக்க வேண்டும் என்று கூட்டம் போட்டிருக்கிறார்கள். தம்பிராசாவிடம் வாய் திறக்கக் கூடாது என்று விதானையார் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"பிறகேன் என்னிடம் சொல்கிறாய்?" என்றேன்.

"உங்களுக்குத் தெரிஞ்சதுதானே ஐயா. உங்களுக்குச் சொன்னா அது சொன்னதில்ல."

அந்த ஐம்பது நிமிடம் முந்தி வெட்டியிருந்தால் அந்த முப்பது ஏக்கரும் தப்பியிருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுக்கத் தப்பியிருக்காது. கொஞ்சம் தப்பியிருக்கும். எவ்வளவு என்று எனக்குத் தெரியும், படித்த ஆள்தானே.

கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரைக்கு, கல்லாற்றில். அறையிலிருந்து பெரிய தெருவால் முப்பத்திரண்டு கிலோமீற்றர். நான் போவேனா என்று இதை எழுதும்போது தெரியவில்லை, ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன். இந்தப் பக்கத்தை மண்டூர், கல்லாறுக்காரர் யாராவது வாசித்தால், வெளிநாட்டில் இருந்தாலும், ஊருக்கு ஒரு தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். அன்று முதல் இடத்தைக் காட்டியது கணபதிப்பிள்ளை அல்ல. நான்.